மூன்று பேருக்கும் ஒரே பதில்

அத்தியாயம் 9

கார் எதற்கு இருக்கிறது? ஓட்டுவதற்கு. ஆனால் அன்று காலை டிரைவிங் வாத்தியாரின் கார் அடுக்குமாடி வாசலிலேயே அசையாமல் நின்றது. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, உள்ளே மூன்று பேர் உட்கார்ந்து பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார், அவர் மனைவி, அவர் அம்மா.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். போதும் என்று ஒருநாள் புருஷன் பெண்டாட்டி இருவரும் முடிவெடுத்து, ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்தார்கள். காத்திருந்து கண் பூத்துப்போன பிறகு, போன வாரம்தான் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அதிகாரி நேரில் வருவார். வீட்டைப் பார்ப்பார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, நீங்கள் யார், எப்படி வளர்ந்தீர்கள், எதைச் சரி என்று நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்பார். அவர் மனசுக்குச் சரி என்று பட்டால் வீட்டுக்குக் குழந்தை வரும். படாவிட்டால் வராது.

அதற்குத்தான் இந்தக் கார் வகுப்பு.

வாத்தியார் வழக்கம்போல ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில், தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின்மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். வண்டி ஓட்டவே தெரியாத மனைவி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா பின்சீட்டில்.

"நாலாவது கேள்வி. குழந்தை வளர்ப்பு பத்தி உங்க கருத்து என்ன? அம்மா, நீ சொல்லு."

"வளர்ப்புன்னா அன்பு ஆக்ஸிலரேட்டர், கண்டிப்பு பிரேக். ரெண்டையும் ஒண்ணா மிதிக்கக் கூடாது."

"சபாஷ். மேஸ்திரி, இப்ப நீ."

மேஸ்திரி என்பது அவர் மனைவிக்கு வைத்த பட்டப்பெயர். அவள் வேலை பல் செட் செய்யும் லேபில். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் சுண்ணக் கலவை ஊற்றி, மெழுகில் பல் செதுக்கி, அடுக்கி, பூசி, தேய்த்துக் கொடுப்பாள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகத்தடியில் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கல்யாணமான புதிதில் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, "வீடு கட்டுற மேஸ்திரி தோத்தான்" என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

"வாத்தியாரே, இதை நான் சொன்னா யாராவது நம்புவாங்களா? எனக்கு ஆக்ஸிலரேட்டர் எந்தக் கால் பக்கம்னே தெரியாது."

"வலது கால். என்கிட்ட படிச்சவங்க யாராவது டெஸ்ட்ல தோத்திருக்காங்களா? கேட்டதுக்கு மட்டும் பதில். சொந்தச் சரக்கு வேண்டாம். ம், சொல்லு."

"வீட்டுக்குள்ள உட்கார்ந்து சொல்றேனே. இங்க மூச்சு முட்டுது."

"ஐயோ, வீட்டுக்குள்ள வேண்டாம்மா," என்றார் மாமியார் அவசரமாக. "நாம பேசுறது அப்படியே கீழ் வீட்டுக்குக் கேட்கும்."

கேட்டால் என்ன? மேஸ்திரிக்கு அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயரானவர் மாமியார். வேலை போனாலும் லைன் கொடுப்பதை விடவில்லை. முதல் மாடியில் தும்மினால் ஆறாவது மாடிக்குத் தகவல் சொல்கிற மனுஷி இன்று யாருக்கும் கேட்கக் கூடாது என்கிறாரே! ஆனால் யோசிக்க நேரம் ஏது. நாலாவது பதிலை அவளும் ஒப்பித்தாள். "கண்டிப்பு" என்பதற்குப் பதில் "கோபம்" என்றாள். வாத்தியாரின் கால் பிரேக்கை மிதித்தது. மறுபடி முதலிலிருந்து.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஆர்ப்பாட்டம் இல்லாத அம்மாள். தோளில் ஒரு துணிப்பை, மூக்கில் பாதி இறங்கிய கண்ணாடி. படியேறி வந்ததில் வாங்கிய மூச்சை விட்டபடி, "லிஃப்ட்ல கூட்டம். நடந்தே வந்துட்டேன்," என்று சிரித்தார்.

சிரித்தார் இல்லையா, அங்கேதான் மேஸ்திரி அசந்துபோனாள். மேல்வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் லேசாகத் தோள் சாய்த்திருந்தது. மற்றவர் கண்ணுக்கு அது வெறும் கோணல் பல். மேஸ்திரிக்கா தெரியாது? அது அவள் கைவேலை. போன வருஷம் டாக்டர் போனிலேயே சிரித்துக்கொண்டு சொன்னார்: "இந்த அம்மாவுக்கு நேரா வேண்டாமாம். உடைஞ்ச பல் எப்படிக் கோணலா இருந்துச்சோ அப்படியே வேணுமாம். கண்ணாடியில பார்த்தா நானா இருக்கணும்னு பிடிவாதம்." கோணலாக ஒரு பல் செய்வது நேராகச் செய்வதைவிடப் பெரிய பாடு. மூன்று முறை உருக்கி மறுபடி செதுக்கினாள். யாருக்கு என்று தெரியாமல் செய்த பல் இன்று வீடு தேடி வந்திருக்கிறது.

சொல்லலாமா என்று நாக்கு துடித்தது. சொன்னால் சலுகை கேட்ட மாதிரி ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டாள். ஆனால் காலையிலிருந்து இருந்த பயம் அதோடு போயே போய்விட்டது. தன் கோணல் பல்லுக்காகச் சண்டை போட்ட பெண்ணிடம் பேச முடியாதா என்ன!

முதலில் வாத்தியார் உள் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்து மாமியார். அவர் வரும்போது முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

"ஒரு எழுத்து விடலடா," என்று மகன் காதில் சொன்னார். அந்தக் கிசுகிசுப்பு சமையலறை வரைக்கும் கேட்டது.

மேஸ்திரி உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அதிகாரி ஜன்னலோர நாற்காலியில். முதல் கேள்வி வந்தது, தயார் செய்த பதிலைச் சொன்னாள். இரண்டாவது, மூன்றாவது. அதிகாரியின் பேனா ஓடியது. நாலாவது கேள்வி வந்தது. மேஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வளர்ப்புன்னா அன்பு ஆக்ஸிலரேட்டர்..." என்று தொடங்கினாள்.

"கண்டிப்பு பிரேக்," என்று முடித்தார் அதிகாரி. "ரெண்டையும் ஒண்ணா மிதிக்கக் கூடாது."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த வீட்டுல யார் யாருக்கு வண்டி ஓட்டத் தெரியும்?"

"அவருக்கு மட்டும்தான், மேடம்."

"உங்க மாமியார் இதைச் சொல்லும்போதே நினைச்சேன்." அதிகாரி பேனாவை மூடினார். குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. "மூணு பேரும் ஒரே பாட்டை ஒரே ராகத்துல பாடுறீங்க. ஒரு காற்புள்ளி மாறல. நான் இதைக் கொண்டுபோய் என்ன பண்றது, சொல்லுங்க? இதை வச்சு ஒரு குழந்தையை எப்படி அனுப்புறது? ஒண்ணு, நான் கிளம்புறேன். இல்ல, நீங்க பேசுங்க."

வேறு யாராவது இருந்தால் கண்ணில் தண்ணீர் முட்டியிருக்கும். மேஸ்திரிக்குத் தலைமேல் இருந்த மூட்டை இறங்கினாற்போல இருந்தது. கட்டிலில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பாடா! கேளுங்க மேடம். முதல்லேருந்து கேளுங்க."

"நீங்க யாரு?"

"பல் கட்டுறவ. கோபக்காரி. மெழுகுல ஒரு பல் செதுக்க அரைநாள் ஆனாலும் அசைய மாட்டேன். வீட்டுல துண்டைக் கட்டில்ல போட்டா அரை நிமிஷம் பொறுக்க மாட்டேன். பொறுமைசாலின்னு முன்னாடி சொன்னேனே, அது அவர் சொல்லிக்கொடுத்தது."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"எப்படி வளர்ந்தீங்க?"

"சத்தத்துல வளர்ந்தேன். அப்பா லாரி மெக்கானிக். அம்மா பிஸ்கட் ஃபாக்டரி. நாங்க அஞ்சு பிள்ளைங்க. எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவோம். கத்தலைன்னா சாப்பாட்டுக்கு உப்புகூடக் கைக்கு வராது. அம்மா அடிப்பாங்க. அடிச்சிட்டு அவங்களே அழுவாங்க. அது எனக்குப் பிடிக்கல. அதனால நான் அடிக்க மாட்டேன். கத்துவேன், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கத்தின பிறகு நான்தான் முதல்ல போய்ப் பேசுவேன். அவரைக் கேட்டுப் பாருங்க."

"கேட்டேன். உங்களுக்குள்ள சண்டையே வராதுன்னார்."

"பாவி மனுஷன்!" என்றாள் மேஸ்திரி. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பேச்சு தானாக ஓடியது. சின்ன வயதில் சுவரிலிருந்து விழுந்து முன்பல் இரண்டும் உடைந்த கதையைச் சொன்னாள். கட்டின பல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் பின்பெஞ்சில் குசுகுசு. வாயைப் பொத்திக்கொண்டே கொஞ்ச நாள் திரிந்தாள். ஒருநாள் ஆத்திரம் வந்து, வகுப்பு நடுவே எழுந்து நின்று பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினாள்.

"பார்க்கணும்னா வரிசையில வாங்கன்னேன் மேடம். வந்தாங்க! அதோட குசுகுசு நின்னுபோச்சு. தெரிஞ்ச விஷயத்தைப் பத்தி யாரு குசுகுசுப்பாங்க? அன்னைக்குத்தான் இந்தத் தொழில்மேல ஆசை வந்துச்சு."

அதிகாரியின் நாக்கு தன்னையறியாமல் முன்பல்லைத் தொட்டுவிட்டுப் போனது. மேஸ்திரி பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள்.

"குழந்தைகிட்ட தத்து எடுத்த விஷயத்தை எப்பச் சொல்வீங்க?"

"முதல் நாளே. அப்புறம் அது கேட்கும்போதெல்லாம். மறைச்சா தினம் பயந்து சாகணும். யாரு எப்ப சொல்லுவாங்களோன்னு. என் வீட்டுல ஒரு பிள்ளை அப்படிப் பயத்துல வளர வேண்டாம். நாங்களும் பயந்துகிட்டு வளர்க்க வேண்டாம்."

"உங்க மாமியாரும் அப்படித்தான் நினைக்கிறாங்களா?"

"அத்தையா? அவங்களுக்கு மறைக்கவே வராது மேடம். இந்த வீட்டுல எதையும் ஒளிச்சு வைக்கிற ஆள் யாரும் கிடையாது," என்றாள் மேஸ்திரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்த சத்தம். மாமியாரின் "ஐயோ, இப்ப வேண்டாம், அப்புறம் வா" என்ற பதற்றக் குரல். அதைத் தள்ளிக்கொண்டு வந்தது கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் வெண்கலத் தொண்டை.

"நீங்க சும்மா இருங்கக்கா! வாயும் வயிறுமா இருக்கிறவ எங்கே? ராத்திரியெல்லாம் கண் முழிச்சுத் தைச்சிருக்கேன், அவ கையிலதான் கொடுப்பேன்!"

உள் அறை வாசலில் வந்து நின்றேவிட்டார். இரண்டு கையிலும் உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னச் சட்டைகள். மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று, குட்டிக் குல்லாய் வேறு.

"அம்மாடி, எழுந்திரிக்காதே, உட்காரு! நாலு மாசம் ஆகுதுன்னு அத்தை சொன்னாங்க. வயிறே தெரியலையே உனக்கு!"

மேஸ்திரி எழுந்து நின்றாள். அதிகாரியும் எழுந்தார்.

"யாருக்கு நாலு மாசம்?" என்று கேட்டார் அதிகாரி. மிக மெதுவாகத்தான் கேட்டார்.

மூன்று பேரும் ஹாலுக்கு வந்தார்கள். சோபாவில் வாத்தியார் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். அவர் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே மேஸ்திரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமியார் ஊருக்கே லைன் கொடுத்திருக்கிறார். இந்த மனுஷனுக்கும் தெரிந்திருக்கிறது.

"உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"போன வாரம் என் ஸ்டூடண்ட் ஒருத்தர் வாழ்த்துச் சொன்னார்," என்றார் வாத்தியார் ஈனக்குரலில். "இன்டர்வியூ முடிஞ்சதும் சொல்லலாம்னு..."

"நல்லா இருக்கு வாத்தியாரே. ரொம்ப நல்லா இருக்கு."

அதிகாரி பையைத் தோளில் மாட்டினார். "வீட்டுல ஒரு பிரசவம் வரப்போகுதுன்னா இப்போதைக்கு நாங்க குழந்தை தர்றதில்ல. பிரசவம் இல்லைன்னா, இந்தச் சட்டை எதுக்குன்னு யாராவது எனக்குச் சொல்லணும்."

"அது வந்து மேடம்," மாமியார் முந்திக்கொண்டார், "அது எங்க தங்கச்சி மருமகளுக்கு. இவ தப்பா..."

"அத்தை, போதும்."

மேஸ்திரி கத்தவில்லை. கத்தாமல் அவள் பேசியதே அந்த வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியது. அவளுக்கு உள்ளே கொதித்தது நிஜம். இத்தனை நாள் ஏங்கிக் காத்திருந்தது கைக்கு எட்டுகிற நேரத்தில் கைநழுவிப் போகிறதே என்று பதறியதும் நிஜம். ஆனால் இப்போது இன்னொரு பொய்யை உள்ளே விட்டால் அதைக் காப்பாற்ற மூன்றாவது பொய் வேண்டும் என்பதும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தையல்காரம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நான் மாசமா இல்ல. எங்களுக்குப் பிறக்காதுன்னு டாக்டரே சொல்லியாச்சு. நாங்க ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் போறோம். அதுக்காகத்தான் இந்த மேடம் வந்திருக்காங்க. அத்தை ஆசையில ஏதோ சொல்லிட்டாங்க."

ஒன்பது வருஷமாக டாக்டர் அறைக்கு வெளியே சொல்லாத வாக்கியம் அது. சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை.

தையல்காரம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மாமியார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஆசையில இல்லம்மா," என்றார் மாமியார். குரல் உடைந்திருந்தது. "பயத்துல சொன்னேன்."

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"லிஃப்ட்ல ஏறினா கேட்பாங்க, இறங்கினா கேட்பாங்க. 'ஏதாவது விசேஷம் உண்டா?' ஒன்பது வருஷமா என்னைத்தான் கேட்டாங்க. உன்னைக் கேட்க விட்டதில்ல. நான் குறுக்கே நின்னு வாங்கிக்கிட்டேன். நாளைக்கு ஒரு பிள்ளை வரும். அதையும் எவளாவது லிஃப்ட்ல நிறுத்தி, 'நீ எடுத்து வளர்க்கிற பிள்ளையா'ன்னு கேட்பா. அப்ப நான் பக்கத்துல இருப்பேனோ இருக்க மாட்டேனோ? அதான் முன்னாடியே எல்லார் வாயையும் அடைச்சு வச்சிடலாம்னு பார்த்தேன். என் பேரப்பிள்ளையை ஒரு நாய் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

மேஸ்திரியின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. ஒன்பது வருஷமாகத் தன்னிடம் அந்தக் கேள்வி ஏன் யாரும் கேட்கவில்லை என்று அவள் யோசித்ததே இல்லை. ஊர் நல்ல ஊர் என்று நினைத்திருந்தாள்! மாமியார் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, கேட்கிறவங்க கேட்கட்டும். பதிலைப் பிள்ளையே சொல்லும். நாம சொல்லிக்கொடுத்து வளர்ப்போம். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்."

"நான் கெடுத்துட்டேனே எல்லாத்தையும்."

"கெட்டுச்சா இல்லையான்னு மேடம்தான் சொல்லணும்."

முதலில் சுதாரித்துக்கொண்டது தையல்காரம்மாதான். "அடிப்பாவிங்களா! நல்ல விஷயத்தைச் சொல்றதுக்கு என்ன கேடு? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்று மாமியாரைப் பிடித்து உலுக்கினார். "ஏங்கக்கா, உங்களை லிஃப்ட்ல கேட்டதுல நானும் ஒருத்தி. இனிமே கேட்டா என் வாயில தையல் போடுங்க. குழந்தை எத்தனை மாசக் குழந்தை? சட்டை சரியா இருக்குமா?"

"மாசமெல்லாம் இல்லக்கா. ஆறு வயசு வரைக்கும் சரின்னு சொல்லியிருக்கோம்," என்றாள் மேஸ்திரி.

மாமியார் தலையைத் தூக்கினார். "என்னது, ஆறா? என்கிட்ட சொல்லவே இல்லையே! நான் வயித்துல நாலு மாசம்னு சொல்லி வச்சிருக்கேன், அது ஆறு வயசுல பையை மாட்டிக்கிட்டு நடந்து வந்தா நான் என்ன பதில் சொல்றது?"

அதிகாரி அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தக் கோணல் பல் தெரியச் சிரித்தார். பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் மேஸ்திரிக்கு மூச்சே வந்தது.

"ஒண்ணு சொல்றேன்," என்றார். "முடிவு என் ஒருத்தி கையில இல்ல. இங்க நடந்ததை நான் மறைக்கவும் மாட்டேன். கர்ப்பம்னு கதை கட்டினதையும் எழுதுவேன், அதை எப்படி உடைச்சீங்கங்கிறதையும் எழுதுவேன். ஆனா இப்ப நான் தேடுறது ஒரு குழந்தைக்கு வீடு. அஞ்சரை வயசு. பொண்ணு. நல்லா விவரம் தெரிஞ்சவ. யார் வீட்டுக்கும் நான் சும்மா போறதில்ல, அவ ஒரு கேள்வி கொடுத்து அனுப்புறா. இதுவரைக்கும் ரெண்டு வீட்டுல கேட்டுட்டேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கல."

"என்ன கேள்வி மேடம்?" என்றார் வாத்தியார். அவர் பாடத்தில் இல்லாத கேள்வி.

"'நான் வந்தா என் பேரை மாத்துவாங்களா?'"

மேஸ்திரியின் கண் தானாக மாமியார் பக்கம் போனது. அந்த நேரம் பார்த்துத் தையல்காரம்மா, "அக்கா பேர்கூட யோசிச்சு வச்சிட்டாங்களே! அதை நான் குல்லாயில பூவேலை போடட்டுமான்னு..." என்று சொல்லி, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவ பேர் என்னங்க மேடம்?" என்று கேட்டாள் மேஸ்திரி.

"அதை நான் சொல்லக் கூடாதாம். மாத்த மாட்டோம்னு சொல்றவங்ககிட்ட அவளே சொல்வாளாம். மூணு பேரும் பதில் சொல்லணும். ஒரே பதில் வேண்டாம், தயவுபண்ணி."

"நான் மாத்த மாட்டேன்," என்றாள் மேஸ்திரி. "ஒருத்தர்கிட்ட சொந்தமா இருக்கிறதைப் பிடுங்கிட்டு, இது உன் வீடுன்னு எப்படிச் சொல்றது?"

வாத்தியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு என் பேரு சின்ன வயசுலேருந்தே பிடிக்காது மேடம். ஆனா வேற யாராவது அதை மாத்தினா விடுவேனா? அவ பேரு எவ்வளவு நீளமா இருந்தாலும் சரி, முழுசாக் கூப்பிடுவேன்." அவர் வாழ்க்கையில் யோசிக்காமல் சொன்ன முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும். கால் அசையாமல் இருந்தது.

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள்.

மாமியார் அந்தக் குட்டிக் குல்லாயை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். மகன் வயிற்றில் இருந்தபோது, பெண் பிறந்தால் வைக்கலாம் என்று நினைத்த பெயர் ஒன்று அவரிடம் இருந்தது. இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்தார். மேஸ்திரிக்கு அது தெரியும். அதனால் என்ன வருமோ என்று கையைப் பிசைந்தாள்.

"மாத்த மாட்டோம்னு சொல்லுங்க," என்றார் மாமியார் கடைசியில். "ஆனா நான் செல்லமா ஒரு பேர் சொல்லிக் கூப்பிடலாமான்னு அவகிட்ட கேட்டுச் சொல்லுங்க. சரின்னாத்தான். வேண்டாம்னா வேண்டாம்."

யாரையும் கேட்காமல் ஊருக்கே செய்தி சொல்கிற மாமியார், ஐந்தரை வயதுப் பெண்ணிடம் அனுமதி கேட்கிறார்! மேஸ்திரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"கேட்டுச் சொல்றேன்," என்று எழுந்தார் அதிகாரி.

அன்று மத்தியானம் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மேஸ்திரி லேபுக்குப் போகவில்லை. வாத்தியார் தன் வகுப்புகளை ரத்து செய்துவிட்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். "என்கிட்ட ஏன் மறைச்சீங்க?" என்று மேஸ்திரி ஒரு பாட்டம் கத்தினாள். கொஞ்ச நேரத்தில் அவளே போய், "டீ வேணுமா?" என்றாள். மாமியார் மட்டும் கிளம்பிப் போய் ஒவ்வொரு மாடியாக மணியடித்து, தான் சொன்னது பொய், நிஜம் இதுதான் என்று சொல்லிவிட்டு வந்தார். திரும்பும்போது முகம் சிவந்திருந்தது, ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. "ஆறாவது மாடிக்காரி ஒரு மாதிரியாப் பார்த்தா. பார்த்தா பார்க்கட்டும், போ," என்றார்.

சாயங்காலம் போன் அடித்தது. அதிகாரி. மேஸ்திரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"காப்பகத்துலேருந்துதான் பேசுறேன். உங்க பதிலைச் சொல்லிட்டேன். நீங்க சொன்னதுக்கு அவ தலையாட்டினா. உங்க வீட்டுக்காரர் சொன்னதுக்குச் சிரிச்சா."

"எனக்கு?" என்று மாமியார் போன்மேலேயே விழுந்தார். "எனக்கு என்ன சொன்னா?"

"உங்களுக்குத்தான் இன்னும் சரின்னு சொல்லலம்மா. பதிலுக்குப் பதில் வேணுமாம். சின்ன வயசுல உங்களை எல்லாரும் எப்படிச் செல்லமாக் கூப்பிடுவாங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

மாமியார் போனிலிருந்து கையை எடுத்தார். அவரை அம்மா என்று கூப்பிட ஒருவர் உண்டு, அத்தை என்று கூப்பிட ஒருத்தி உண்டு, அக்கா என்று கூப்பிட அடுக்குமாடியே உண்டு. அந்தச் சின்ன வயசுப் பேரைச் சொல்லிக் கூப்பிட இன்று உலகத்தில் ஒருவரும் இல்லை. வாத்தியார் தன் அம்மாவை வியப்போடு பார்த்தார். அப்படி ஒரு பேர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"அம்மா, என்ன பேரும்மா அது?"

மாமியார் மகனைக் கையமர்த்தினார். போனை நெருங்கி, எக்ஸ்சேஞ்ச் காலத்துக் கணீர்க் குரலில் சொன்னார்:

"மேடம், அதை நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். இவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவகிட்ட மட்டும்தான் சொல்வேன். நேர்ல வந்து, அவ காதுல சொல்வேன். எப்ப வரட்டும்னு அவளைக் கேளுங்க."

மறுமுனையில் ஏதோ கலகலப்பு. நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ எட்டிப் பிடிக்க, யாரோ "மெதுவா, மெதுவா" என்கிறார்கள். பிறகு அதிகாரியின் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

"இருங்கம்மா. போனை அவகிட்டயே கொடுக்கணுமாம்."